போனுக்குள் இருந்த சாவிக்காரர்

சாவிக்காரருடைய இதயத்தில் ஒரு வால்வு பாதிதான் திறக்கும். ஊரில் உள்ள பூட்டையெல்லாம் திறக்கிற மனிதருக்கு உள்ளே ஒரு கதவு திறக்க மாட்டேன் என்கிறதே என்று பதினாறு வருஷத்துக்கு முன்னால் ஒரு டாக்டர் சொல்லிச் சிரித்தார். அந்த நகைச்சுவை சாவிக்காரருக்கு முதல் தடவையே பிடிக்கவில்லை. அதற்கப்புறம் வந்த டாக்டர்கள் ஒவ்வொருவரும் அதைத் தாங்களே கண்டுபிடித்த மாதிரி சொல்லிச் சிரிக்க, அறுபது தடவையாவது கேட்டுத் தொலைத்துவிட்டார்.

சின்ன வயதில் வந்த ஒரு காய்ச்சல் விட்டுவிட்டுப் போன கோளாறு அது. மாத்திரை போட்டுக்கொண்டு, மாடிப்படியைக் கண்டால் ஒதுங்கிக்கொண்டு, ஐம்பத்திரண்டு வயது வரைக்கும் வண்டி ஓடிவிட்டது. அந்த வால்வு வழியாக ரத்தம் போகும்போது குடுகுடுவென்று ஒரு சத்தம் வரும். மருத்துவ மாணவர்கள் கட்டாயம் கேட்டுப் பழக வேண்டிய சத்தம். பாடப்புத்தகத்தில் எப்படி எழுதியிருக்கிறதோ அப்படியே, ஒரு சொல் கூடாமல் குறையாமல், அவர் நெஞ்சில் கேட்கும். அதனால் ஒவ்வொரு வருஷமும் கடைசி ஆண்டு செய்முறைத் தேர்வுக்கு மருத்துவக் கல்லூரி அவரைக் கூப்பிடும். ஒரு கூடத்தில் வரிசையாகக் கட்டில் போட்டு, நோயாளிகளைப் படுக்க வைத்து, ஒரு கட்டிலுக்கு ஒரு மாணவரை அனுப்புவார்கள். மாணவர் நோயாளியிடம் விசாரித்து, தொட்டுப் பார்த்து, இன்ன நோய் என்று முக்கால் மணி நேரத்துக்குள் எழுத வேண்டும். பிறகு எக்ஸாமினர்கள் வந்து குடைவார்கள். அந்தக் கூடத்தில் நோயாளிக்குப் பெயர் கிடையாது. ‘கேஸ்’ என்றுதான் சொல்வார்கள். சாவிக்காரர் அங்கே பதினாறு வருஷ சீனியர் கேஸ்.

அவர் கடையும் மருத்துவமனை வாசலுக்கு நேர் எதிரில்தான். சாவி வெட்டுகிற மெஷின் ஒன்று, வெட்டாத சாவிகள் தொங்கும் பலகை ஒன்று, உட்கார இரண்டு ஸ்டூல். தேர்வு வருகிறது என்றால் ஒரு மாசத்துக்கு முன்பே மாணவர்கள் அங்கே வந்து மொய்ப்பார்கள். நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்துக்கொண்டு ஒருவன் நிற்க, அவன் பின்னால் நாலு பேர் நிற்க, சட்டைப் பொத்தானைப் போடவே நேரம் இருக்காது. வாடிக்கையாளர்கள் பயந்துபோய் வேறு கடைக்குப் போனதுகூட உண்டு. “ஏம்ப்பா, நான் சாவி வெட்டவா, இல்ல உங்களுக்கு நெஞ்சக் காட்டிட்டே உக்காந்திருக்கவா?” என்று சத்தம் போடுவார். அது பொய்க்கோபம் என்று எல்லோருக்கும் தெரியும்.

இந்த வருஷம் ஒருத்தரும் வரவில்லை.

வராதது அவருக்கு வேறொரு காரணத்தால் உறைத்தது. மூன்று வாரத்துக்கு முன்னால் ஒரு காலையில், சாவியின் பிசிறைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது, இடது கையிலிருந்த அரம் கீழே விழுந்தது. எடுக்கப் பார்த்தார். கை வரவில்லை. யாருடைய கையோ தன் தோளில் தொங்குவது போல இருந்தது. ஒரு சாவி வெட்டுகிற நேரம் அப்படியே இருந்துவிட்டு, பிறகு ஒன்றும் நடக்காத மாதிரி கை திரும்பி வந்துவிட்டது. அடுத்த வாரம் மறுபடியும். மூன்றாவது தடவை வீட்டில், மனைவியின் கண் முன்னாலேயே தண்ணீர் டம்ளரைப் போட்டுவிட்டார்.

அவர் மனைவி ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்தர். விண்ணப்பத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் திருப்பி அனுப்புகிறவள். அவளிடம் மழுப்ப முடியாது.

“எத்தன நாளா?”

“மூணு வாரமா.”

“வாசலுக்கு எதிர்ல கடைய வெச்சுக்கிட்டு மூணு வாரமா? நாளைக்கே போய்ச் சொல்லுங்க.”

போனார். புற நோயாளிப் பிரிவில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து, தன் முறை வந்ததும் உள்ளே போனார். பயிற்சி டாக்டர் ஒருவர், முகத்தில் இன்னும் மாணவக் களை மாறாத பையன், கம்ப்யூட்டர் திரையைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

“அட, நீங்கதான் அந்தப் பரிட்சை கேஸா? உங்க ஹிஸ்டரி எனக்குத் தலைகீழாத் தெரியும் சார். பூட்டெல்லாம் தொறக்கறவருக்கு உள்ள ஒரு கதவு...”

“தெரியும் டாக்டர். புதுசா ஒண்ணு வந்திருக்கு. இடது கை திடீர்னு...”

“சாவி வெட்டற கைதானே? ஓய்வு குடுங்க. அதே மாத்திரையக் கண்டினியூ பண்ணுங்க.”

மனிதர் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை. பிரின்டர் ஒரு தாளைத் துப்பியது. சாவிக்காரர் அதை நடைபாதையில் நின்று படித்தார். ‘பழைய நோயாளி. புதிய புகார் எதுவும் இல்லை.’ வாயைத் திறந்து சொல்லிவிட்டு வந்த புகார் வாசல் தாண்டுவதற்குள் இல்லாமல் போய்விட்டது. தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“சொன்னீங்களா?” என்றாள் மனைவி.

“சொன்னேன்.”

“கேட்டாங்களா?”

அவர் தாளை எடுத்து நீட்டினார். அவள் படித்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். வேறு மருத்துவமனைக்குப் போகலாம் என்றாள். அவர்தான் தடுத்தார். நாலு நாளில் தேர்வு. வெளியூரிலிருந்தும் பெரிய டாக்டர்கள் வருவார்கள். “நாலு பேரு, அத்தனை பேரும் ப்ரொஃபசருங்க. எல்லாரும் என் நெஞ்சுல காத வெக்கப் போறாங்க. அன்னிக்குச் சொல்லிக்கலாம். எந்த ஆஸ்பத்திரில நாலு ப்ரொஃபசரு வரிசையா வந்து பாப்பாங்க?” என்றார். அவர் அதை முழுசாக நம்பினார்.

மறுநாள் கடைக்கு ஒரு மாணவன் வந்தான். ஒல்லியாக, உயரமாக, தோளில் பெரிய பையுடன். வகுப்பில் எல்லோருக்கும் குறிப்பு தயாரித்துக் கொடுக்கிறவன் என்பதால் அவனுக்கு ‘நோட்ஸ்’ என்று பெயர். நெஞ்சைப் பார்க்கத்தான் வந்திருக்கிறான் என்று சாவிக்காரர் மேல் பொத்தானைக் கழற்றினார். அவன் விடுதி அறைச் சாவியை நீட்டினான்.

“இதுக்கு ஒரு டூப்ளிகேட் வேணும் அங்கிள்.”

சாவிக்காரர் அதைப் புரட்டிப் பார்த்தார். “இதே டூப்ளிகேட்தானே? ஒரிஜினல் எங்க?”

“அது எப்பவோ தொலைஞ்சுடுச்சு. இது டூப்ளிகேட்ல இருந்து போட்ட டூப்ளிகேட்.”

“டூப்ளிகேட்ட வெச்சு டூப்ளிகேட் போட்டா ஒவ்வொரு தடவையும் ஒரு மயிரிழை தள்ளிப் போகும் தம்பி. நாலாவது சாவி உள்ள போகும், திரும்பாது. பூட்டக் கழட்டி எடுத்துட்டு வா.”

“அவ்ளோ நேரம் இல்ல அங்கிள். பரிட்சை.”

“பரிட்சைன்னு சொல்றே, என்னைப் பாக்க ஒருத்தனையும் காணோமே?”

நோட்ஸ் சிரித்தான். “உங்களத் தினமும் பாத்துட்டுதான் இருக்கோம். இருங்க காட்டறேன்.”

போனை எடுத்து எதையோ தட்டி அவர் முன்னால் நீட்டினான். போன வருஷம் ஒரு சீனியர் அவர் பேச்சைப் பதிவு செய்தானாம். அதை எழுத்தாக்கி, பழைய மாணவர்களின் கேஸ் தாள்களையும் சேர்த்து ஏஐயிடம் கொடுத்து, “இந்த நோயாளியாகவே பதில் சொல்” என்று பழக்கிவிட்டார்களாம். இப்போது யார் வேண்டுமானாலும், பல் விளக்கிக்கொண்டேகூட, சாவிக்காரரை விசாரிக்கலாமாம். “எங்க வகுப்புல ரிப்பீட்டுன்னு ஒருத்தி இருக்கா. போன வருஷம் பெயில், அதான் அந்தப் பேரு. அவ மட்டுமே நாப்பது தடவ உங்ககூடப் பேசிட்டா!”

போனிலிருந்து ஒரு குரல் கணீரென்று வந்தது. “வணக்கம். நான் சாவி தயாரிக்கும் தொழிலாளி. கடந்த இரண்டு ஆண்டுகளாக எனக்கு மூச்சுத் திணறல் உள்ளது.”

சாவிக்காரர் ஸ்டூலில் நிமிர்ந்தார். “நான் என்னிக்குடா இப்படிப் பேசினேன்?”

“மூச்சு முட்டாம இருக்க ராத்திரி எத்தன தலகாணி வெச்சுப் படுப்பீங்க?” என்று நோட்ஸ் போனைக் கேட்டான்.

“மூன்று தலையணைகள்” என்றது போன்.

“எங்க வீட்ல இருக்கறதே ரெண்டுதான்!”

“கேஸ் முழுமையா இருக்கட்டும்னு அதுவே சேத்துக்கிச்சு அங்கிள். எக்ஸாமினருங்களுக்கு மூணுதான் பிடிக்கும்.”

சாவிக்காரர் போனை அவன் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். கொஞ்ச நேரம் அதை முறைத்துப் பார்த்தார். பிறகு வாயருகே கொண்டுபோய், காது கேளாதவரிடம் பேசுவது போல உரக்கக் கேட்டார். “இடது கை அப்பப்ப விழுந்து போகுதாய்யா உனக்கு?”

போன் ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. “இல்லை. எனக்குக் கை கால்களில் எந்தப் பலவீனமும் இல்லை.”

பயிற்சி டாக்டர் இல்லை என்று எழுதினான், சரி. இப்போது போனுக்குள் இருக்கிற தானே தனக்கு இல்லை என்கிறான். “எனக்கு இல்லேன்னு சொல்றதுக்கு இவன் யாருடா? அரம் விழுந்தது இவன் கையில இருந்தா?”

நோட்ஸ் பதறிப்போனான். என்ன ஏது என்று கேட்டான். அவர் சொன்னார். அரம், டம்ளர், எல்லாம் சொன்னார். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு யோசித்தான். அவன் முகத்தில் கவலை தெரிந்தது. அது தன்னைப் பற்றிய கவலைதான் என்று நினைத்துச் சாவிக்காரர் ஒரு கணம் உருகிப்போனார்.

“அங்கிள், ஒரே ஒரு உதவி. பரிட்சை அன்னிக்கு மட்டும் இதச் சொல்லிடாதீங்க. எழுபது பேரு இதயே நம்பிப் படிச்சிருக்கோம். இப்பப் புதுசா ஒண்ணு சேத்தா எல்லாருக்கும் குழம்பிடும்.”

சாவிக்காரர் சாவியை அவன் கையில் திணித்தார். “போடா. ஒரிஜினல் இல்லாம இங்க வராத.”

தேர்வு நாளன்று மாணவர்களின் போன்களையெல்லாம் வாசலிலேயே ஒரு பிளாஸ்டிக் கூடையில் வாங்கிக்கொண்டார்கள். சாவிக்காரருக்கு ஜன்னலோரம் மூன்றாவது கட்டில். தலைமாட்டில் ‘கேஸ் 3’ என்று அட்டை. துவைத்த சட்டை போட்டுக்கொண்டு, எந்த டாக்டரிடம் எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தபடி படுத்திருந்தார்.

முதலில் வந்தவன் நோட்ஸ். அவரைப் பார்த்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தான். எழுத ஆரம்பித்தான். தலை நிமிராமல், ஒரு கேள்வி கேட்காமல், பத்தே நிமிஷத்தில் நாலு பக்கம். மூன்று தலையணை உள்பட.

“தம்பி, ஒரு தடவ தொட்டுப் பாரேன்.”

“தெரியும் அங்கிள். நீங்க நல்லா ரெஸ்ட் எடுங்க.”

மீதி முப்பத்தைந்து நிமிஷமும் அவன் நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவர் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். இரண்டு பேருக்கும் நடுவில் அவருடைய கை, உள்ளங்கை மேலே தெரிய, சும்மா கிடந்தது.

எக்ஸாமினர்கள் இரண்டு பேர் வந்தார்கள். ஒருவர் வெளியூர்க்காரர், மூக்குக் கண்ணாடி நழுவிக்கொண்டே இருக்கும். இன்னொருவர் இதே கல்லூரியின் பேராசிரியை. பதினாறு வருஷமாகச் சாவிக்காரரைத் தெரிந்தவர். கண்ணாடிக்காரர் கையில் ஒரு டேப்லெட். கேள்வியும் அதில், சரியான விடையும் அதில், மார்க்கும் அதில்.

“நாடி?”

“ஒழுங்கானது சார். நிமிஷத்துக்கு எழுபத்தி எட்டு.”

கண்ணாடிக்காரர் டேப்லெட்டைப் பார்த்துத் தலையசைத்து ஒரு தட்டுத் தட்டினார். நோட்ஸ் ஒப்பிக்க ஒப்பிக்க அவர் தட்டிக்கொண்டே போனார். கடைசியில், போனால் போகிறது என்று, ஸ்டெதஸ்கோப்பைச் சாவிக்காரரின் சட்டைமேலேயே இரண்டு நொடி வைத்து எடுத்தார். “பிரமாதம்” என்றார். அது நோட்ஸுக்கா தனக்கா என்று சாவிக்காரருக்கு விளங்கவில்லை. ஆனால் இதுதான் நேரம் என்று எழுந்து உட்கார்ந்தார்.

“டாக்டரம்மா, எனக்குப் புதுசா...”

பேராசிரியை உதட்டில் விரலை வைத்தார். “ஷ்! எக்ஸாமினர் முன்னாடி கேஸ் பேசக் கூடாதுன்னு தெரியாதா உங்களுக்கு? பசங்களுக்குக் க்ளூ குடுத்த மாதிரி ஆயிடும். இத்தன வருஷமா வர்றீங்க!”

போய்விட்டார்கள். நாலு பேரில் இரண்டு பேர் முடிந்தது. மிச்ச இரண்டு பேர் எதிர்வரிசைக் கட்டில்களைப் பார்க்கிறவர்கள், இந்தப் பக்கமே வரமாட்டார்களாம், சிஸ்டர் சொன்னார். சாவிக்காரருக்கு அழுகை வரும் போல இருந்தது. அழுகைக்குப் பதிலாகக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. ஆஸ்பத்திரியில் படுத்திருக்கிறார். சுற்றிலும் டாக்டர்கள். ஒருத்தருக்கும் அவர் வேண்டாம், அவரைப் பற்றிய தாள் போதும். சரி, தாள்தானே பேசுகிறது, பேசட்டும். இனி நான் வாயைத் திறக்கப் போவதில்லை என்று முடிவு செய்து பற்களைக் கடித்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து வந்து மாட்டினவள் ரிப்பீட்டு.

குள்ளமாக, எண்ணெய் வழியும் நெற்றியும் தூக்கம் கெட்ட கண்களுமாக வந்தாள். அட்டையில் ‘கேஸ் 3’ என்று பார்த்ததும் அவள் முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. “ஐயா! உங்களோட நாப்பது தடவ பேசியிருக்கேன்!” என்றாள். பாவம், உண்மையிலேயே பழைய நண்பரைப் பார்த்த சந்தோஷம்.

சாவிக்காரர் கூரையைப் பார்த்தார்.

“ரெண்டு வருஷமா மூச்சுத் திணறல் இருக்குல்ல ஐயா?”

அவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

“இல்லையா? மூணு தலகாணி வெச்சுத்தானே படுப்பீங்க?”

இல்லை.

“சின்ன வயசுல காய்ச்சல், மூட்டு வீக்கம்...?”

இல்லை. இது அப்பட்டமான பொய்தான். ஆனால் இறங்கின பிறகு பாதியில் நிற்கக் கூடாது என்று அதற்கும் தலையை ஆட்டிவிட்டார்.

அவள் பேனாவைக் கீழே வைத்தாள். “என்ன ஐயா இது? போன்ல ஒழுங்காப் பதில் சொன்னீங்களே!”

சாவிக்காரருக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

“ஐயா, நான் ஏற்கெனவே ஒரு தடவ பெயில். இந்தத் தடவையும் போச்சுன்னா எங்க வீட்ல என்னைக் கூட்டிட்டுப் போயிடுவாங்க. படிப்பு வேணாம்னுடுவாங்க. உங்களுக்கு என்ன கோவம் என் மேல?” குரல் உடைந்தது. பக்கத்துக் கட்டிலில் இருந்த மாணவன் திரும்பிப் பார்த்தான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, அவரை ஒரு முறை முறைத்தாள். “சரி. சொல்லாட்டிப் போங்க.”

கோபத்தோடுதான் அவர் கையைப் பிடித்தாள். மணிக்கட்டில் மூன்று விரலை வைத்து, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள். விரல்கள் ஜில்லென்று இருந்தன. கால் நிமிஷம் எண்ணினாள். முகம் சுருங்கியது. விரலைத் தளர்த்தி மறுபடி வைத்தாள். அரை நிமிஷம். உதடுகள் எண்ணிக்கொண்டே வந்து, தடுமாறி, நின்று, மறுபடி ஓடின. மூன்றாவது தடவை முழு ஒரு நிமிஷம் எண்ணினாள்.

“கொஞ்சம் அசையாம இருங்க ஐயா.”

சட்டைப் பொத்தானைக் கழற்றி, ஸ்டெதஸ்கோப்பை நெஞ்சில் வைத்தாள். ஒரு கை இன்னும் மணிக்கட்டில்தான். காதால் ஒன்றைக் கேட்டுக்கொண்டு விரலால் ஒன்றைத் தேடினாள். வெகு நேரம் அப்படியே குனிந்திருந்தாள். அவர் மேல் இவ்வளவு நேரம் யாரும் குனிந்து பல மாசம் ஆகியிருந்தது.

“இங்க அடிக்குது, கைக்கு வரல” என்று தனக்குத்தானே முணுமுணுத்தாள். “தாறுமாறா இருக்கே. ஒழுங்கானதுன்னுதானே போன்ல வந்துச்சு?” நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்த்தாள். “ஐயா, உங்களுக்குப் புதுசா ஏதாவது ஆச்சா?”

இந்தக் கேள்வியைத்தான் மூன்று வாரமாக அவர் ஊர் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தார். இப்போது வந்தபோது வீம்பும் போச்சு, சபதமும் போச்சு.

“கை விழுந்துடுதும்மா.”

எந்தக் கை, எத்தனை தடவை, எவ்வளவு நேரம், வாய் கோணியதா, பேச்சுக் குழறியதா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். அவர் ஒவ்வொன்றாகச் சொன்னார். அரம் விழுந்த சத்தத்தைக்கூடச் சொன்னார். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள். கேட்கக் கேட்க அவள் முகத்தில் ரத்தம் வற்றியது.

“இது கை நோவு இல்ல ஐயா. இதயம் தாறுமாறா அடிச்சா உள்ளயே ரத்தம் கட்டி கட்டியா உறையும். அதுல ஒரு துணுக்கு மூளைக்குப் போயிட்டா...” முடிக்கவில்லை. எழுதின தாளைப் பார்த்தாள். “விடைல ஒழுங்கானதுன்னு இருக்கும். நாடி தப்புன்னா மொத்தமாப் பெயில். எனக்கு முன்னாடி இந்தக் கட்டிலப் பாத்தவங்களும் அதத்தான் சொல்லியிருப்பாங்க.”

“அப்ப நீயும் அதயே சொல்லிடும்மா. எங்கிட்டச் சொன்னதே போதும்” என்றார் சாவிக்காரர். மனசார அப்படிச் சொல்லவில்லை. ஆனாலும் சொன்னார்.

அவள் பேனாவை எடுத்தாள்.

எக்ஸாமினர்கள் வந்தார்கள். கண்ணாடிக்காரர் டேப்லெட்டைப் பார்த்தபடியே கேட்டார். “நாடி?”

“ஒழுங்கற்றது சார்.”

அவர் விரல் ஏற்கெனவே கீழே இறங்கிக்கொண்டிருந்தது. தட்டிவிட்டது. திரை சிவந்தது. “தப்பும்மா. இதுகூடத் தெரியாம...”

“கைய வெச்சுப் பாருங்க சார்.”

“காலைல ஒரு பையன் சரியாச் சொல்லியிருக்கான். இதுல இருக்கற விடைலயும்...”

“அந்த விடைய யார் சார் எழுதினது?”

கண்ணாடிக்காரர் பேராசிரியையைப் பார்த்தார். பேராசிரியை கொஞ்சம் சங்கடத்தோடு, “போன வருஷ கேஸ் தாளெல்லாம் குடுத்து இந்தத் தடவ ஏஐ வெச்சுத் தயார் பண்ணோம்” என்றார். பிறகு, பேச்சை முடிப்பதற்காகத்தான், சாவிக்காரரின் மணிக்கட்டைப் பிடித்தார்.

பிடித்த கையை விடவில்லை. அவர் பார்வை கடிகாரத்துக்குப் போனது. அங்கிருந்து சாவிக்காரரின் முகத்துக்கு வந்தது. பதினாறு வருஷத்தில் அந்த அம்மாள் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

“எப்பலருந்து இது?”

“கேஸ் பேசலாமாம்மா?” என்றார் சாவிக்காரர்.

“பேசுங்க!”

அவர் சொல்லி முடிப்பதற்குள் பேராசிரியை சக்கர நாற்காலி கேட்டுக் கத்தினார். ஸ்கேன் அறைக்குப் போன் பறந்தது. பரிட்சை நடத்துகிற சிஸ்டர், “மேடம், அப்ப மூணாவது கட்டிலுக்கு இன்னொரு கேஸ் வேணுமே, நான் எங்க போவேன்?” என்று தலையில் கை வைத்தார். சாவிக்காரரை இரண்டு பேர் தூக்கி நாற்காலியில் உட்கார வைத்தார்கள். ரிப்பீட்டு ஒதுங்கி நின்றாள்.

“இந்தப் பொண்ணுக்கு மார்க்?” என்றார் சாவிக்காரர்.

“அதெல்லாம் அப்புறம். மொதல்ல நீங்க கெளம்புங்க.”

“போட்டுட்டுக் கெளம்பலாம்.”

கண்ணாடிக்காரர் டேப்லெட்டை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்தார். “லாக் ஆயிடுச்சு மேடம். ஒரு தடவ சப்மிட் ஆனா மாத்த முடியாது.”

பூட்டு திறக்காது என்று ஒருத்தர் சொல்லிக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்கிற தொழிலா அவருடையது? சக்கரம் நகர்ந்தபோது சாவிக்காரர் இடது கையை நீட்டிக் கட்டிலின் இரும்புக் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். கட்டிலும் சேர்ந்து கிறீச்சென்று ஓர் அடி வந்தது.

“என்ன பண்றீங்க? உங்க உயிர் சமாச்சாரம் இது!”

“அதக் கண்டுபிடிச்சது அவ. தாள் எடுத்து எழுதி, ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. அப்பதான் விடுவேன்.”

கூடம் முழுக்க இந்தப் பக்கம் திரும்பியது. மாணவர்கள், நோயாளிகள், அந்தப் பக்கத்து இரண்டு எக்ஸாமினர்கள், எல்லோரும். பேராசிரியை பல்லைக் கடித்துக்கொண்டு, “குடுங்க சார் அந்தப் பேனாவ” என்றார். ரிப்பீட்டுவின் விடைத்தாளிலேயே நாலு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டார். கண்ணாடிக்காரரும் போட்டார். சாவிக்காரர் அதை வாங்கிப் படித்தார். ‘நோயாளியைப் பரிசோதித்தோம். நாடி ஒழுங்கற்றது. மாணவி சொன்னதே சரி.’

இனி விட்டுவிடலாம் என்று நினைத்தார். கை அதற்கு முன்பே விட்டிருந்தது.

கம்பியிலிருந்து நழுவி மடியோரம் தொங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் அவர் சமாதானமாகிவிட்டார் என்றே நினைத்திருப்பார்கள். ரிப்பீட்டு மட்டும் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தாள்.

“மேடம், கை!” என்று அலறினாள். “பத்து நாப்பத்தி ரெண்டு! பத்து நாப்பத்தி ரெண்டுக்கு ஆரம்பிச்சிருக்கு!”

சாவிக்காரர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. நாற்காலி ஓடியது. தொங்கின கையைத் தன் இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு அவளும் பக்கத்திலேயே ஓடினாள். சாவிக்காரர் தன் வாழ்க்கையில் இதற்கு முன் இவ்வளவு பயந்ததில்லை. அந்தப் பிடியை மட்டும் விட்டுவிடாதே என்று அவளிடம் சொல்ல நினைத்தார், முடியவில்லை. அவள் விடவில்லை.

மனைவி வந்து சேர்ந்தபோது மத்தியானம் ஆகியிருந்தது. சாவிக்காரர் நிஜமான வார்டில், நிஜமான கட்டிலில் இருந்தார். கையில் ஊசி, விரலில் கிளிப், தலைமாட்டில் அவருடைய சொந்தப் பெயர் எழுதின அட்டை. ஸ்கேன் வாசலிலேயே கை திரும்பி வந்துவிட்டது, பேச்சும் வந்துவிட்டது, இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் வராமலே போயிருக்கலாம் என்று டாக்டர்கள் அவளிடம் சொல்லியிருந்தார்கள். அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அழுதிருந்தாள் என்பது தெரிந்தது. ஆனால் குரல் அலுவலகக் குரல்தான்.

“சொன்னீங்களா?”

“சொன்னேன்.”

“கேட்டாங்களா?”

சாவிக்காரர் இடது கையைத் தூக்கி, விரல்களை ஒவ்வொன்றாக மடக்கி, ஒவ்வொன்றாக விரித்துப் பார்த்தார்.

“ஒருத்தி கேட்டா.”

“நாலு ப்ரொஃபசருன்னீங்களே?” என்றாள் அவள்.